இரண்டாம் பேஸுக்கு ஒரு நாற்காலி: விட்டேக்கர், அட்லி, கென்ட்

ஜெஃப் கென்ட் 2025 டிசம்பரில் கமிட்டி வாக்கு மூலம் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவ மண்டபத்துக்கு, தேர்வாகிவிட்டார். சேஸ் அட்லிக்கு எழுத்தாளர்கள் (வாக்குரிமை உள்ள பேஸ்பால் பத்திரிகையாளர்கள்) 2024-இல் 28.8 சதவீதம், 2025-இல் 39.8, 2026-இல் 59.1 என்று வருடத்துக்கு வருடம் கூட்டிக் கொடுத்து வருகிறார்கள். லூ விட்டேக்கர் 2001-இல் 2.9 சதவீதத்தோடு முதல் வருடமே பட்டியலிலிருந்து விழுந்தவர். மூவருமே இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர்கள், அதாவது முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவே நின்று ஃபீல்டிங் செய்பவர்கள். ஒரே ஒரு நாற்காலிதான் என்றால் என் வரிசை இதற்குத் தலைகீழ்: விட்டேக்கர், அட்லி, அப்புறம்தான் கென்ட். முதல் இருவருக்கும் இடையே நூலிழை வித்தியாசம்தான். அவர்களுக்கும் கென்ட்டுக்கும் இடையே அப்படி இல்லை.

விதிகள் சுருக்கமாக. குறைந்தது 10 பருவம் ஆடியிருக்க வேண்டும். ஓய்வுக்குப் பின் 5 வருடம் கழிய வேண்டும். எழுத்தாளர் சங்க வாக்காளர் ஒருவர் அதிகபட்சம் 10 பேரைக் குறிக்கலாம். 75 சதவீதம் வந்தால் உள்ளே, 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பெயர் நீக்கம். நடுவில் நிற்பவர்களுக்கு இப்போது 10 வருடம் வாய்ப்பு. 2001-இல் அது 15 வருடம். அங்கே நடக்காவிட்டால் 16 பேர் கமிட்டியில் 12 வாக்கு வாங்க வேண்டும்.

பேட்டிங்கில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. ஹிட் என்பது பேட்டரைப் பேஸுக்குக் கொண்டுபோகும் அடி. சராசரி அந்த ஹிட்களின் விகிதம், ஆன்-பேஸ் எந்த வழியிலாவது பேஸுக்குப் போன விகிதம், ஸ்லக்கிங் ஒரு வாய்ப்புக்கு அடித்த பேஸ்களின் கணக்கு.

கென்ட்: சராசரி .290, ஆன்-பேஸ் .356, ஸ்லக்கிங் .500, 377 ஹோம் ரன், 2,461 ஹிட்
அட்லி: .275, .358, .465, 259 ஹோம் ரன், 1,885 ஹிட்
விட்டேக்கர்: .276, .363, .426, 244 ஹோம் ரன், 2,369 ஹிட்

ஸ்லக்கிங்கில் கென்ட் தெளிவாக முன்னால். ஆனால் அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேரும் விகிதத்தில் அவர்தான் மூவரில் கடைசி, விட்டேக்கர் முதல். விட்டேக்கர் வாங்கிய ‘வாக்’ (நான்கு தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) 1,197, ஸ்டிரைக் அவுட் 1,099. ஆன்-பேஸையும் ஸ்லக்கிங்கையும் சேர்த்து, காலகட்டத்தையும் மைதானத்தையும் சமன்செய்து பார்க்கும் ஓ.பி.எஸ். பிளஸில் கென்ட் 123, மற்ற இருவரும் 117. லீக் சராசரி 100. ஆக, 90-களின் ஹோம் ரன் மழையைக் கழித்துவிட்டால் கென்ட்டின் பேட் முன்னிலை 6 புள்ளிதான்.

கென்ட்டின் வழக்கு இரண்டு கால்களில் நிற்கிறது. இரண்டாம் பேஸில் ஆடியபடி அடித்த 351 ஹோம் ரன் ஒன்று. அந்த இடத்துக்கு அதுவே சாதனை, அதற்கு முன் ரைன் சாண்ட்பெர்க்கின் 277. இன்னொன்று 1,518 ஆர்.பி.ஐ. (தன் பேட்டிங்கால் கொண்டுவந்த ரன்கள்); எட்டுப் பருவங்களில் 100-ஐத் தொட்டார். ஆர்.பி.ஐ. என்பது முன்னால் ஆடியவர்கள் பேஸில் நிற்பதைப் பொறுத்த எண். கென்ட் எம்.வி.பி. (லீகின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருது) வாங்கிய 2000-இல் அதே சான்பிரான்சிஸ்கோ அணியில் பாரி பாண்ட்ஸின் ஆன்-பேஸ் .440. அப்படி ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது 125 ஆர்.பி.ஐ. வருவதில் பாதி ஆச்சரியம் குறைந்துவிடுகிறது. அந்த வருடம் கென்ட் அடித்த .334 மட்டும் முழுக்க அவருடையது, அதில் தகராறு இல்லை.

இனி ‘வார்’ கணக்கு. பேட்டிங், பேஸ் ஓட்டம், ஃபீல்டிங், ஆடும் இடத்தின் கடினம் எல்லாவற்றையும் ரன்னாக மாற்றி, சுலபமாகக் கிடைக்கும் ஒரு மாற்று ஆட்டக்காரரைவிட எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்று சொல்லும் எண் இது. சுமார் 10 ரன் ஒரு வெற்றிக்குச் சமம். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின்படி விட்டேக்கர் சுமார் 75, அட்லி 64.5, கென்ட் 55. நீண்ட காலம் ஆடியவருக்கு மட்டும் இது சாதகமாகிவிடக் கூடாது என்று ஜே ஜாஃபி உருவாக்கிய ‘ஜாஸ்’ முறை, சிறந்த ஏழு பருவங்களை மட்டும் தனியாகக் கூட்டி, அதற்கும் மொத்த வாழ்நாள் எண்ணுக்கும் சராசரி எடுக்கிறது. சிறந்த ஏழில் அட்லி 49, விட்டேக்கர் 38, கென்ட் 36. சராசரி எடுத்தால் அட்லி சுமார் 57, விட்டேக்கர் 56.5, கென்ட் 45.5. ஏற்கெனவே உள்ளே இருக்கும் இரண்டாம் பேஸ்காரர்களின் சராசரி 57-ஐ ஒட்டியது. கென்ட் அதற்கு 11 புள்ளி கீழே நிற்கிறார். மற்ற இருவரும் கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அட்லியையும் விட்டேக்கரையும் பிரிப்பது எது என்றால், இரண்டாம் பேஸ் உடம்பை என்ன செய்கிறது என்பதுதான். ஒரே பந்தில் இருவரை அவுட்டாக்க, ஷார்ட்ஸ்டாப்போ (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) மூன்றாம் பேஸ்காரரோ பந்தை எறியும்போது இரண்டாம் பேஸ்காரர் பேஸைக் குறிக்கும் பையை நோக்கி ஓடி வருகிறார். முதல் பேஸிலிருந்து ஓட்டக்காரர் வருவது அவருடைய முதுகுப் பக்கத்தில். பந்தைப் பிடித்து, பையைத் தொட்டு, இடது காலை ஊன்றி, உடம்பைத் திருப்பி முதல் பேஸுக்கு எறிய வேண்டும். எடை முழுவதும் ஊன்றிய காலில் இருக்கும் நொடியில்தான் ஓட்டக்காரர் சறுக்கிக்கொண்டு வந்து மோதுவார். முழங்காலும் கணுக்காலும் இதற்குத்தான் விலை கொடுக்கின்றன. 2016-இல் விதி மாறி, சறுக்குபவர் பையைத் தொடும்படியாகத்தான் சறுக்க வேண்டும் என்று ஆனது. அதற்குக் காரணமான சம்பவம் 2015 பிளேஆஃபில் அட்லியே ரூபன் தெஹாதாவின் மேல் சறுக்கிக் காலை உடைத்ததுதான் என்பது ஒரு விநோதம். இந்த மூவரும் பெரும்பாலும் ஆடியது பழைய விதியின் கீழ். அதனால் இந்த இடத்துக்காரர்கள் 30-ஐத் தாண்டியதும் சட்டென்று சரிவது வழக்கம். வேறு இடத்துக்கு மாற்றினால் பேட்டின் மதிப்பும் குறைந்துவிடும். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் எடுக்கும் 40 ரன்னும் ஸ்லிப்பில் நிற்பவர் எடுக்கும் 40 ரன்னும் ஒன்றல்ல, அதே கணக்கு.

அட்லி 26 வயதில்தான் முழுநேர ஆட்டக்காரர் ஆனார். 2005 முதல் 2009 வரை ஐந்து பருவங்களிலும் ‘வார்’ 7-ஐத் தாண்டியது. அவருடைய வாழ்நாள் மொத்தத்தில் அறுபது சதவீதம் அந்த ஐந்து வருடத்தில் வந்தது. 2010-இல் கட்டைவிரல் காயம், பிறகு இரு முழங்கால்களிலும் தேய்மானம்: 2010-இல் 115 ஆட்டம், 2011-இல் 103, 2012-இல் 83. 32 வயதுப் பருவம் தொடங்கி ஓய்வு வரை எட்டுப் பருவங்களில் அவர் அடித்தது 82 ஹோம் ரன்.

விட்டேக்கரின் வரைபடம் வேறு. 1978-இல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம், 1980-இல் .233 என்று ஒரு மோசமான வருடம். 1983-இல் 206 ஹிட், .320, அதே வருடம் தொடங்கி மூன்று கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது). இதுவரை நல்ல ஆட்டக்காரர், அவ்வளவுதான். மற்ற இரண்டாம் பேஸ்காரர்கள் இறங்கத் தொடங்கும் வயதில் இவருக்கு பலம் ஏறியது. 1989-இல், 32 வயதில், 28 ஹோம் ரன். 1991-இல் 23 ஹோம் ரன், 90 வாக், ஆன்-பேஸ் .391, 1993-இல் ஆன்-பேஸ் .412. கடைசிப் பருவமான 1995-இல், 38 வயதில், 84 ஆட்டங்களில் .293 சராசரி, 14 ஹோம் ரன். வாழ்நாளின் 244 ஹோம் ரன்களில் 123 கடைசி ஏழு பருவங்களில் வந்தவை. இத்தனையும் இரண்டாம் பேஸில் நின்றுகொண்டே.

இந்த அளவுகோலில் பேட்டை மட்டும் பார்த்தால் கென்ட் இவரையும் மிஞ்சுவார்: 32 வயதுப் பருவத்திலிருந்து 216 ஹோம் ரன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் கென்ட்டின் ஃபீல்டிங் வாழ்நாள் கணக்கில் எதிர்மறை. பேட்டால் கொண்டுவந்ததில் ஒரு பகுதியை தரைப்பந்துகளில் திருப்பிக் கொடுத்தார். விட்டேக்கர் இரண்டையும் வைத்திருந்தார்.

தனக்கு நிகரானவர்களோடு வைத்துப் பார்த்தால் அநியாயம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. சாண்ட்பெர்க் 2,386 ஹிட், விட்டேக்கர் 2,369: வித்தியாசம் 17. சாண்ட்பெர்க்கிடம் 38 ஹோம் ரன் கூடுதல், ஆன்-பேஸில் அவர் .344, விட்டேக்கர் .363. ‘வார்’ கணக்கில் சாண்ட்பெர்க் 68. சாண்ட்பெர்க்கிடம் 1984 எம்.வி.பி.யும் ஒன்பது கோல்ட் கிளவும் உண்டு. 2005-இல் அவர் 76.2 சதவீதத்தோடு உள்ளே போனார்.

அடுத்தவர் ஆலன் டிராமெல். டெட்ராய்ட் டைகர்ஸில் ஷார்ட்ஸ்டாப்பாக டிராமெலும் இரண்டாம் பேஸில் விட்டேக்கரும் சேர்ந்து 1,900 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார்கள். 1984 வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) கோப்பையும் சேர்ந்தே. டிராமெலுக்கு எழுத்தாளர்கள் 15 வருடம் அவகாசம் கொடுத்தார்கள். 2016-இல் கடைசி வாய்ப்பில்கூட 40.9 சதவீதம்தான். ஆனால் அந்த 15 வருடம் அவர் பெயர் பேச்சில் இருந்தது, 2017 டிசம்பரில் கமிட்டி எடுத்துக்கொண்டது. விட்டேக்கருக்கு 515 வாக்குச்சீட்டில் 15. பட்டியலில் நீடிக்க 26 வேண்டும். அந்த 11 வாக்கு கிடைத்திருந்தால், புதிய கணக்குகள் எழுத்தாளர்களிடம் பரவிய காலத்தில் அவர் பெயரும் சீட்டில் இருந்திருக்கும். எம்.வி.பி. வாக்கில் அவருடைய உச்சம் 8-ஆம் இடம், 100 ஆர்.பி.ஐ. ஒரு வருடமும் இல்லை. இலவசமாக முதல் பேஸ் தரும் ‘வாக்’ எண்ணிக்கையை அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை. பாபி கிரிச்சுக்கும் இதே கதிதான்: 1992-இல் 2.6 சதவீதம், ‘வார்’ 71.

விட்டேக்கருக்கு எதிராகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. இடது கை பேட்டரான அவரை, இடது கை பிட்சர்கள் எறியும் நாட்களில் மேனேஜர் ஸ்பார்க்கி ஆண்டர்சன் அடிக்கடி உட்கார வைத்தார், குறிப்பாகக் கடைசி வருடங்களில். அந்த அழகான சராசரிகளில் இந்தப் பாதுகாப்பும் கலந்திருக்கிறது. டைகர் ஸ்டேடியத்தின் வலது மூலையில் மேல்தளம் மைதானத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது இடது கைக்காரர்களுக்கு வசதி. பிளேஆஃப் ஆட்டம் மொத்தமே 13. பெரிய நிச்சயமின்மை ஃபீல்டிங் எண்களில்தான்: விட்டேக்கர் காலத்துக்கு ஆட்டக்குறிப்புகளிலிருந்து பின்னோக்கிக் கணித்தார்கள், அட்லி காலத்துக்கு வீடியோ பார்த்து ஒவ்வொரு பந்தாகக் குறித்தார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்து இருவருக்கும் இடையில் பத்து வெற்றி வித்தியாசம் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஃபேன்கிராஃப்ஸ் தளத்தின் ‘வார்’ கணக்கிலும் விட்டேக்கர் 68 அளவுக்கு இறங்குகிறார், அட்லி 60-ஐச் சற்றே தாண்டி நிற்கிறார். ஆகவே அட்லிதான் முதல் என்று ஒருவர் வாதித்தால் சண்டைக்குப் போக மாட்டேன்.

அட்லிக்கு என் வாக்கு எப்படியும் உண்டு. 176 முயற்சியில் 154 பேஸ் திருட்டு (பேட்டர் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), அதாவது 87.5 சதவீதம். 200-க்கு மேற்பட்ட முறை பந்தை உடம்பில் வாங்கி பேஸுக்குப் போனார். 2009 வேர்ல்ட் சீரிஸில் ஐந்து ஹோம் ரன். 2008 வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாம் ஆட்டத்தில் நடுவில் வந்த தரைப்பந்தை எடுத்து, முதல் பேஸுக்கு எறிவதுபோல் பாசாங்கு செய்து, ரன் எடுக்க ஹோம் பிளேட்டுக்கு ஓடிய ஜேசன் பார்ட்லெட்டை அங்கே அவுட்டாக்கியதை எந்த எண்ணும் முழுதாகப் பிடிக்காது. அவருக்குக் குறுக்கே நின்றது 2,000 ஹிட் என்ற எழுதப்படாத கோடு. 1960-க்குப் பிந்தைய காலத்தில் ஆடியவர்களில் அதற்குக் கீழே உள்ள பேட்டரை எழுத்தாளர்கள் அதுவரை தேர்ந்தெடுத்ததில்லை. 2026-இல் 1,933 ஹிட்டோடு ஆண்ட்ரூ ஜோன்ஸ் தேர்வானதும் அந்தக் கோடு அழிந்துவிட்டது. 2033 வரை அவகாசம் இருக்கும்போது மூன்றாம் வருடமே 59 சதவீதம் வந்தவர் வெளியே நிற்கப்போவதில்லை.

விட்டேக்கர் கதை அப்படி இல்லை. 2019 டிசம்பர் கமிட்டியில் அவருக்கு 16-இல் 6 வாக்கு. அன்று 7 வாங்கிய டேவ் பார்க்கர் 2024-இல் வேறு கமிட்டி வழியாக உள்ளே போய்விட்டார். விட்டேக்கரின் பெயர் 2022, 2025 இரண்டு பட்டியல்களிலும் இல்லை. 1980-க்குப் பிந்தைய ஆட்டக்காரர்களுக்கான கமிட்டி அடுத்துக் கூடுவது 2028 டிசம்பர். பட்டியலில் எட்டுப் பேர். ஒரு உறுப்பினர் மூன்று பேருக்கு மேல் வாக்களிக்க முடியாது. அதாவது மொத்தம் 48 வாக்கு, ஒருவருக்கு 12 வேண்டும். எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு ஆறு. எட்டுப் பேரும் ஓரளவு தகுதியானவர்களாக இருந்தால் வாக்கு சிதறி எல்லோருமே தோற்கலாம். 2025-இல் கென்ட் மட்டும் 14 வாங்கி உள்ளே போனார். அதனால் 2028-இல் விட்டேக்கருக்கு உதவுவது பலவீனமான உடன்பட்டியலும், அவருடைய காலத்தில் ஆடிய சில பேராவது வாக்குமேசையில் இருப்பதும்தான். அதற்குள் அட்லி எழுத்தாளர்கள் வழியாகப் போய்விட்டால், ‘இவரை எடுத்தீர்களே, அவரை ஏன் விட்டீர்கள்’ என்று கேட்கவும் வசதி. ஐந்து வாக்குக்குக் கீழே போனாலோ, புது விதிப்படி அடுத்த சுற்றில் பெயரே வராது. 2034 வரை காத்திருக்க வேண்டும். அப்போது விட்டேக்கருக்கு வயது 77.