தென்கரைக் கல்லும் என் மடக்கு வண்டியும்

போன ஞாயிறு மூன்றாவது தடவையாக வண்டிக்குச் சக்கரம் மாற்றினேன். காரைச் சொல்லவில்லை. பிள்ளைகளின் துண்டு, சாப்பாட்டு டப்பா, தண்ணீர், குடை எல்லாவற்றையும் போட்டு இழுத்துப் போவோமே, துணி வைத்த மடக்கு வண்டி, அது. அதே நாள் பார்த்து கவென்ட்ரியிலிருந்து நண்பர் போன் செய்தார். "அண்ணே, நீங்க வருஷாவருஷம் தெற்குக் கடற்கரைக்குப் போறீங்களே, ஒரு நாள் போய்ட்டு வர எந்த ஊர் நல்லா இருக்கும்?" கையில் கிரீஸ், தரையில் உடைந்த சக்கரம். அந்தக் கோபத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. அதனால் நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது லண்டனின் தெற்கே கிராய்டனில். 2017 முதல் வெயில் காலத்தில் மாதம் ஒரு முறையாவது இங்கிலாந்தின் தென்கரைக்குப் போய்விடுவோம். ரயில், டிக்கெட், எந்த ஊரில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், எங்கும் கிடைக்கும். யாரும் சரியாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. கல்.

முதல் தடவை பிரைட்டன். கிழக்கு கிராய்டனில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். ஸ்டேஷன் வாசலிலிருந்து நேராக ஒரே இறக்கம், அடியில் கடல் தெரியும். மகளுக்கு அப்போது நான்கு வயது. கையில் மஞ்சள் வாளி, சிவப்பு மண்வாரி. கரைக்கு வந்ததும் குனிந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மண் எங்கப்பா?" மெரினாவில் காலைப் புதைத்து வளர்ந்தவன் நான். கடற்கரை என்றால் மணல் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கூழாங்கல். பழுப்பு, சாம்பல், தேன் நிறம் என்று கல்லாய்க் குவிந்து கிடந்தது. நீர் நன்றாக வற்றினால் அடியில் ஒரு கீற்று மணல் தெரியும். அதற்கு நேரம் பார்த்துப் போக வேண்டும். நாங்கள் பார்த்துப் போகவில்லை. பிள்ளை வாளி நிறையக் கல்லை அள்ளிக் கவிழ்த்தாள். கோட்டை வரவில்லை, சரிந்தது. இன்னொரு தடவை அள்ளினாள். அப்புறம் அழுதாள்.

அந்தக் கல் எல்லாம் சிக்கிமுக்கிக் கல். இந்தப் பக்கத்துக் குன்றுகள் முழுக்கச் சாக்குக் கட்டி மாதிரியான வெள்ளைச் சுண்ணாம்பு. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடு படிந்து படிந்து ஆனது. அந்தச் சுண்ணாம்புக்குள் பணியாரத்தில் தேங்காய்ப் பல் மாதிரி அங்கங்கே சிக்கிமுக்கிக் கல் உட்கார்ந்திருக்கும். கடல் பாறையை அறுக்கிறது, பாறை விழுகிறது, சுண்ணாம்பு பாலாய்க் கரைந்து போகிறது, கல் மட்டும் மிஞ்சி உருண்டு உருண்டு வழவழப்பாகிறது. அலை அதை மேற்கிலிருந்து கிழக்காகத் தள்ளிக்கொண்டே போகும். அது போய்விடாமல் இருக்கத்தான் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிய தடுப்புகள். சீஃபோர்டில் லாரி வைத்து ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் கல்லைத் திரும்ப அள்ளிக் கொட்டுகிறார்கள். ஊரைக் கடல் கொள்ளாமல் காப்பது அந்தக் கல்மேடுதான். இதெல்லாம் தெரிந்த பிறகு கல்மேல் ஒரு மரியாதை வந்தது உண்மை. உள்ளங்காலுக்கு அந்த மரியாதை இன்னும் வரவில்லை.

வண்டிக்கு வருகிறேன். நாற்பது பவுண்டு கொடுத்து வாங்கியது. பெட்டியில் 'எல்லாத் தரையிலும் ஓடும்' என்று போட்டிருந்தார்கள். படத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே மணலில் இழுத்துப் போகிறது. எல்லாத் தரையும் என்றால் அவர்கள் கணக்கில் மணலும் புல்லும்தான் போலிருக்கிறது. கல்லில் சக்கரம் உருளாது, உழும். இரண்டடி இழுத்தால் முன்னால் ஒரு குட்டி மலை சேர்ந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நெல்லிக்காய் அளவில் ஒரு கல் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் போய் உட்காரும் பாருங்கள், அதுதான் ஆளைக் கொல்லும். நமக்குத் தெரியாது, இழுத்துக்கொண்டே இருப்போம். டக் என்று ஒரு சத்தம். சக்கரத்தின் குடத்தில் விரிசல் விட்டு அச்சு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முதல் தடவை அதே மாதிரிச் சக்கரம் வாங்கிப் போட்டேன். இரண்டாவது தடவை கடையாணி தெறித்துக் கல்லுக்குள் போய்விட்டது. கல்லுக்குள் கடையாணி தேடியவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். மனைவியின் கொண்டை ஊசியைச் செருகி வீடு வந்து சேர்ந்தோம். இந்தத் தடவை பக்கத்துத் தெரு சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டு, பலூன் மாதிரி அகலமான சக்கரம் போடச் சொன்னார். நான்கும் சேர்த்து ஐம்பத்திரண்டு பவுண்டு. வண்டியைவிடச் சக்கரம் அதிக விலை.

சரி, மணல் உள்ள ஊருக்கே போகலாமே என்பீர்கள். போனோம். வெஸ்ட் விட்டரிங் நல்ல மணல். கார் நிறுத்த முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும், வெயில் நாளில் அந்த ஒற்றைச் சாலையில் பொறுமையும் வேண்டும். போர்ன்மத் இன்னும் நீள மணல், ஆனால் எங்களுக்குத் தூரம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது காம்பர். ரை வரை ரயில், அப்புறம் பேருந்து. மணல்மேடு ஏறி இறங்கினால் எதிரே மணலும் வானமும்தான், கடலைத் தேடித்தான் போக வேண்டும். நீர் அவ்வளவு தூரம் உள்ளே வாங்கிவிடும். என் மகள் அந்த மஞ்சள் வாளியை முதல் முதலாக உருப்படியாகப் பயன்படுத்தியது அங்கேதான்.

ஆனால் காம்பரில் ஒரு தடவைகூட நான் உட்கார்ந்ததில்லை. 2016 ஆகஸ்ட் 24 அன்று லண்டனிலிருந்து அங்கே போன ஐந்து இளைஞர்கள் கடலில் போய்விட்டார்கள். ஐந்து பேரும் ஈழத் தமிழ்ப் பிள்ளைகள். ஒரு மாதத்துக்கு முன்தான் அதே கரையில் இன்னும் இருவர். அந்த நாட்களில் நம் ஆட்கள் எந்த வீட்டில் கூடினாலும் இதே பேச்சுத்தான். காம்பரில் நீர் வற்றும்போது நடுவில் மணல் திட்டுகள் எழும். ஆள் அங்கே முழங்கால் நீரில் நிற்கலாம், பந்து விளையாடலாம். நீர் ஏறும்போது முன்னால் மட்டும் ஏறாது. திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் பின்பக்கமாகப் புகுந்து நிறைந்துவிடும். திரும்பிப் பார்க்கும்போது கரை தூரத்தில் இருக்கும், இடையில் ஆழம். இப்போது கோடையில் லைஃப்கார்டுகள் நிற்கிறார்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள், நீர் ஏறும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான் கொடிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு தலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். மனைவி திட்டுவாள், ஒரு நாள் லீவுக்கு வந்துவிட்டு இப்படிக் காவல் நிற்கிறாயே என்று.

கல் கரையும் சாது இல்லை. பிரைட்டனில் நான்கடி இறங்கினால் சடாரென்று ஆழம். நீர் ஏறிய நேரத்தில் திரும்பும் அலை காலடிக் கல்லையும் சேர்த்து இழுக்கும், நின்ற இடத்திலேயே விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் என்னவென்றால், கல் நம்மை ஓட விடாது. ஒவ்வோர் அடியும் 'ஆ, ஊ' என்றுதான் வைக்க வேண்டும். என் மகன் காம்பரில் கையைவிட்டு ஓடியிருக்கிறான், பிரைட்டனில் ஓடியதே இல்லை. இதை எழுதும்போதுதான் கல்லுக்கு ஆதரவாக ஒரு பாயின்ட் சேர்ந்துவிட்டது என்று தெரிகிறது. பரவாயில்லை, இருக்கட்டும்.

இன்னொன்றும் நான் எதிர்பார்க்காதது. பிரைட்டனிலிருந்து ஈஸ்ட்போர்னுக்குப் போகும் 12-ஆம் எண் மாடிப் பேருந்து. மேல்மாடியில் முன் சீட்டு கிடைத்தால் அன்றைய காசு வசூல். ஒரு வழிக்கு 2 பவுண்டு என்றிருந்த கட்டண உச்ச வரம்பு 2025 ஜனவரியிலிருந்து 3 ஆகிவிட்டது, அப்படியும் மலிவுதான். வண்டியை மடக்கிக் கீழே வைத்துவிட்டு ஏறிவிடுவோம். ராட்டிங்டீன், சால்ட்டீன், பீஸ்ஹேவன் என்று வலது பக்கம் கடல் கூடவே வரும். நியூஹேவன், சீஃபோர்டு தாண்டி எக்ஸீட்டில் இறங்கினால் கக்மியர் ஆறு வளைந்து வளைந்து, தரையில் விழுந்த நாடா மாதிரிக் கிடக்கும். அங்கிருந்து கடல் வரை இரண்டு கிலோமீட்டர் தட்டையான பாதை. என் வண்டி பிறந்ததிலிருந்து ஒழுங்காக ஓடிய ஒரே இடம் அதுதான். பாதை முடிகிற இடத்தில் என்ன இருக்கும் என்கிறீர்கள்? கல்தான்.

ஆனால் அங்கே நிமிர்ந்து பார்த்தால் செவன் சிஸ்டர்ஸ் என்ற வெள்ளைப் பாறை வரிசை. இந்த வெள்ளைப் பாறை ஏன் இவ்வளவு வெள்ளை என்று பையன் கேட்டான். விழுந்துகொண்டே இருப்பதால்தான். டோவரில் துறைமுகம் மறைத்த இடங்களில் அலை அறுக்காததால் செடி முளைத்துப் பச்சையேறிவிட்டது. இங்கே ஒவ்வொரு குளிர்காலமும் முகம் உதிர்ந்து புது வெள்ளை வெளியே வரும். பர்லிங் கேப்புக்கு மேலே உள்ள பெல் டூட் பழைய கலங்கரை விளக்கத்தை விளிம்பு நெருங்கிவிட்டது என்று 1999-இல் 850 டன் கட்டடத்தை அப்படியே ஜாக்கி வைத்து 17 மீட்டர் உள்ளே தள்ளினார்கள். பக்கத்தில் பீச்சி ஹெட் என்ற பாறை 162 மீட்டர் உயரம். அந்த விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். மேலே விளிம்புக்கும் போகாதீர்கள், அடியில் பாறை ஓரத்தில் துண்டும் விரிக்காதீர்கள்.

மழை பிடித்தால் பிரைட்டனில் ராயல் பெவிலியன் என்ற பழைய அரண்மனை இருக்கிறது. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அதை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். பிழைக்காத இந்துக்கள், சீக்கியர்கள் 53 பேரை எரித்த மேட்டில் 1921-இல் திறந்த 'சத்ரி' என்ற வெள்ளை மண்டபம் ஊருக்கு வெளியே நிற்கிறது. நடந்துதான் ஏற வேண்டும். போர்ட்ஸ்மத் போனால் 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கிய மேரி ரோஸ் போர்க்கப்பல். பாதிக் கப்பல்தான், ஆனால் ஒரு மணி நேரம் பையன் வாய் திறக்கவில்லை. கடற்காகம் சிப்ஸைப் பிடுங்கும், அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது.

எங்கள் வீட்டு ஜன்னலில் ஓட்டைக் கல் ஒன்று நூலில் தொங்குகிறது. சிக்கிமுக்கியில் சில இயற்கையாகவே நடுவில் துளையோடு கிடைக்கும். சூனியம் அண்டாது என்று இங்கத்திய பழைய ஆட்கள் வாசலில் கட்டுவார்களாம், நம்மூர்ப் படிகாரம் மாதிரி. 1949-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றைக் காட்டி இங்கே பல கரைகளில் கல்லை எடுக்கக் கூடாது என்கிறார்கள். மகள் பாக்கெட்டில் வந்தது அது. அடுத்த தடவை போட்டுவிட வேண்டும் என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கைக் கேட்டால், கல் கரைக்கு ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். சின்னப் பிள்ளைகளோடு பிரைட்டன் வேண்டாம். உட்கார முடியாது, குடை நட முடியாது, நட்டாலும் சுற்றிக் கல் அடுக்கிப் பாத்தி கட்ட வேண்டும். வண்டியோடு போகவே போகாதீர்கள். மணல் வேண்டுமா, காம்பர் போங்கள், கொடிக்குள் நில்லுங்கள். நண்பருக்கும் இதையேதான் எழுதி அனுப்பினேன்.

அப்புறம் ராத்திரி படுத்திருக்கும்போது அந்தச் சத்தம் வந்துவிட்டது. பிரைட்டனில் சாயங்காலம், கூட்டம் கலைந்த பிறகு, அலை ஏறிவிட்டுத் திரும்பும்போது ஆயிரம் கல்லும் ஒன்றோடொன்று உருண்டு இறங்கும். கைநிறையச் சோழியைச் சிமெண்ட் தரையில் உருட்டிவிட்டது போல முதலில் கலகலவென்று, அப்புறம் தணிந்து, அடுத்த அலைக்கு முன் ஒரு நொடி சும்மா இருக்கும். மணல் கரையில் இது கிடையாது. மகளும் நானும் பேசாமல் அதைக் கேட்டுக்கொண்டு கடைசி ரயிலைத் தவறவிடப் பார்த்திருக்கிறோம்.

காலையில் எழுந்து நண்பருக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை பிரைட்டனுக்கே வந்துவிடுங்கள், நாங்களும் வருகிறோம் என்றேன். "நேத்து வேண்டாம்னு எழுதினீங்களே அண்ணே?" என்றார். புதுச் சக்கரத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம். "குட்டிகளுக்கு இப்பவே குஷி. வாளி, மண்வாரி, குடை எல்லாம் வாங்கியாச்சு. வேற ஏதாவது கொண்டு வரணுமாண்ணே?"

செருப்பு மட்டும் நல்லதாகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.