கார்வார் கடற்கரையில் நிற்கும் ‘சபல்’: ஏவுகணைப் படகு அருங்காட்சியகம் ஒரு பார்வை

கர்நாடகக் கடற்கரையின் வடகோடியில், கோவா எல்லையை ஒட்டிய கார்வார் நகரத்தின் ரவீந்திரநாத் தாகூர் கடற்கரையில், இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ‘சபல்’ என்ற ஏவுகணைப் படகு 2006 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் கோவாவுக்கு விரைகிறவர்களில் பலர் வண்டியை நிறுத்தி, படகின் முன்பாக ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் இரண்டு முறை சென்று, இரண்டாம் முறை ஒரு முழுப் பிற்பகலை அங்கே செலவிட்டேன். கடற்போரின் போக்கையே மாற்றிய ஒரு கருவியைக் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு நம் நாட்டில் அரிது என்பதால், இந்த இடத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று சற்றே தெரிந்துகொண்டு போவது நல்லது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழில் ‘சபலம்’ என்றால் மனத்தின் நிலையின்மை. வடமொழியின் அதே சொல்லுக்கு விரைவு, துடிப்பு என்றும் பொருள் உண்டு, கடற்படை அந்தப் பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறது. சோவியத் நாட்டின் ‘ஓசா’ வகையில் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்த இப்படகு 1976இல் பணியில் சேர்ந்து 2005இல் ஓய்வுபெற்றது. ஆகவே, 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் கராச்சியைத் தாக்கிய படகு இதுதான் என்று உடன் வருபவர் யாராவது சொன்னால் திருத்த வேண்டியிருக்கும். கராச்சிக்குச் சென்றவை இதன் மூத்த சகோதரிகளான நிபட், நிர்காட், வீர் ஆகியவை. வித்தியாசத்தை வெளியிலிருந்தே காணலாம்: சபலின் இருபுறமும் உள்ள நான்கு ஏவுகூடுகள் உருளை வடிவில் இருக்கின்றன, மூத்த படகுகளில் அவை பெரிய பெட்டிகளாக இருந்தன. இப்படகுகள் சுமந்த பி-15 என்ற சோவியத் ஏவுகணையின் பழைய வடிவில் இறக்கைகளை மடக்க முடியாது. பிறகு வந்ததில் மடக்க முடிந்தது. அதனால் கூடு ஒடுங்கியது.

முன்தளத்திலும் பின்தளத்திலும் உள்ள 30 மி.மீ. இரட்டைத் துப்பாக்கிக் கோபுரங்களிடம்தான் குழந்தைகள் முதலில் ஓடுகிறார்கள். உள்ளே இறங்கினால், சீருடை அணிந்த உருவப் பொம்மைகளை வைத்து மாலுமிகளின் அன்றாடத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 39 மீட்டர் நீளத்துக்குள் மூன்று டீசல் இயந்திரங்களும் நான்கு ஏவுகணைகளும் முப்பது பேர் அளவிலான குழுவும் அடங்க வேண்டியிருந்ததை நினைத்தபடி அந்தக் குறுகிய வழிகளில் நடந்தால் நெருக்கடி உடலுக்கே புரிகிறது. பொம்மைகள் எளிமையானவைதான், ஆனால் மனிதர்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்பதை அவை மறக்கவிடுவதில்லை.

நான் அதிக நேரம் நின்றது ஏவுகூடுகளின் அருகில். ஒவ்வொன்றிலும் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள, ஏறத்தாழ அரை டன் வெடிமருந்தைச் சுமக்கும் ஒரு ஏவுகணை இருந்தது. 1967 அக்டோபர் 21 அன்று, போர்ட் சயீத் துறைமுகத்துக்குள் இருந்தபடியே எகிப்தின் சிறு படகுகள் இதே வகை ஏவுகணைகளால் ‘எய்லத்’ என்ற இஸ்ரேலிய நாசகாரிக் கப்பலை மூழ்கடித்து 47 பேரைக் கொன்றபோது, பெரிய கப்பலே வலியது என்ற எண்ணம் உலகக் கடற்படைகள் அனைத்திலும் ஆட்டம் கண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1971 டிசம்பர் 4 இரவில், தளபதி பாப்ரு பான் யாதவ் தலைமையில் சென்ற மூன்று படகுகள் கராச்சிக்கு அப்பால் பாகிஸ்தானின் ‘கைபர்’ என்ற நாசகாரிக் கப்பலையும் ‘முஹாஃபிஸ்’ என்ற கண்ணிவாரிக் கப்பலையும் மூழ்கடித்தன. கைபரின் மாலுமிகள் தம்மைத் தாக்குவது விமானம் என்றே கடைசிவரை நம்பினார்கள். அவர்கள் அனுப்பிய அவசரச் செய்தியிலும் அப்படியே சொன்னார்கள். விளாடிவஸ்தோக்கில் பயிற்சி பெற்றிருந்த நம் மாலுமிகள் வானொலியில் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டதால், ஒட்டுக்கேட்பவர்களுக்குக் குழப்பமே மிஞ்சியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கராச்சியின் வெற்றியில் ஏவுகணைக்கு இருந்த பங்குக்குச் சற்றும் குறையாத பங்கு எதிரியின் தவறான புரிதலுக்கும் இருந்தது என்பது என் கருத்து. அந்தத் தாக்குதலின் நினைவாகக் கொண்டாடும் கடற்படை தினத்தன்று இதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

அதே படகு, அதே ஏவுகணை, இரண்டே ஆண்டுகளில் முற்றிலும் வேறான முடிவைச் சந்தித்தது. சபலின் தளத்தில் நின்றுகொண்டு நினைத்துப் பார்க்க வேண்டிய மறுபாதி அதுதான். 1973 அக்டோபரில், அரபு-இஸ்ரேல் போரின்போது, சிரியாவின் லடாக்கியா துறைமுகத்துக்கு அப்பால் ஐந்து இஸ்ரேலியப் படகுகள் வந்தபோது, அவர்களின் கேப்ரியல் ஏவுகணை எட்டும் தொலைவு சுமார் 20 கி.மீ. மட்டுமே, எதிரே இருந்த பி-15 அதைப் போல் இரண்டு மடங்கு தொலைவு செல்லும். நின்று காத்திருக்கும் எதிரியை நோக்கி முப்பது நாட் (மணிக்குச் சுமார் 55 கி.மீ.) வேகத்தில் ஓடினாலும், திருப்பித் தாக்க இயலாத அந்த இடைவெளியைக் கடக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த இருபது நிமிடத்தை அவர்கள் கடந்தது கவசத்தால் அன்று, ஏமாற்றால்.

பி-15 தன் பயணத்தின் கடைசிப் பகுதியில் சொந்த ராடாரை இயக்கி, எதிரில் தெரியும் வலுவான எதிரொலியைத் தேர்ந்து அதை நோக்கிப் பாய்கிறது. கப்பலுக்கும் கப்பல் போன்ற எதிரொலிக்கும் வேறுபாடு காண அதற்குத் தெரியாது. இஸ்ரேலியக் கடற்படையின் மின்னணுப் பிரிவில் ஹெருத் செமாஹ் என்ற பொறியாளர், எய்லத் மூழ்குவதற்கு முன்பே தொடங்கி வடிவமைத்த தற்காப்பு முறை இந்தப் பலவீனத்தைத்தான் குறிவைத்தது. எதிரி ராடாரின் அலைநீளத்தில் பாதி அளவுக்கு நறுக்கிய, உலோகம் பூசிய மெல்லிய இழைகளைச் சிறு ராக்கெட்டுகளால் வானில் தூவினால், அந்த மேகம் படகைவிடப் பெரிய கப்பலாக ஏவுகணையின் கண்ணுக்குத் தெரியும். கூடவே, ஏவுகணை அனுப்பும் துடிப்பைப் பெற்றுத் திரித்துத் திருப்பி அனுப்பும் ஜாமர், அதன் பிடியைப் படகிலிருந்து மெல்ல விலக்கும். லடாக்கியாவில் சிரியாவின் ஐந்து கலங்கள் மூழ்கின. இரண்டு இரவுகள் கழித்து எகிப்தின் பால்திம் அருகே மூன்று ஓசா படகுகள் அழிந்தன. அந்தப் போரில் சிரியாவும் எகிப்தும் ஏவிய ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-15களில் ஒன்றுகூட ஓர் ஏவுகணைப் படகையும் தொடவில்லை. லடாக்கியாவில் ஓடிய ஐந்து படகுகளில் ஒன்றான ‘மிவ்தாஹ்’ இன்று ஹைஃபா நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதுவும் சபலும் ஒரே கதையின் இரண்டு கரைகள்.

ஆகவே, சபலில் ஏறும்போது இருப்பதைப் பார்ப்பதோடு, இந்த வடிவத்தின் மூலத்தில் இல்லாமல் போனதையும் பாருங்கள் என்று சொல்வேன். 1950களின் இறுதியில் ஓசாவை வரைந்தவர்கள் தாக்குவதற்கே எல்லா இடத்தையும் ஒதுக்கினார்கள். இழைமேகம் தூவும் குழல்களோ ஜாமரோ அதில் இடம்பெறவில்லை, லடாக்கியாவில் மூழ்கிய படகுகளிலும் அவை இல்லை. 1987இல் நம் கடற்படைக்கு வந்த புதிய ‘வீர்’ வகைப் படகுகள் அத்தகைய ஏவுகுழல்களோடுதான் வந்தன. 2021இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜோத்பூர் ஆய்வகம் குறுந்தொலைவு, நடுத்தொலைவு, நெடுந்தொலைவு என மூன்று வகை இழை ராக்கெட்டுகளை உருவாக்கியதாக அறிவித்தது. ஏமாற்றும் வித்தைக்கு எல்லையும் உண்டு. 1982இல் ஃபாக்லாந்து போரில், பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் தூவிய இழைமேகத்தால் திசைமாறிய அர்ஜென்டினாவின் எக்ஸோசெட் ஏவுகணைகள், அத்தகைய தற்காப்பு எதுவும் இல்லாத ‘அட்லாண்டிக் கன்வேயர்’ என்ற சரக்குக் கப்பலைத் தாக்கின. 12 பேர் இறந்தனர். 2006இல் லெபனான் கடற்கரைக்கு அப்பால் நவீனக் கருவிகள் அனைத்தும் கொண்ட இஸ்ரேலின் ‘ஹனித்’ கப்பல் அடிபட்டபோது அதன் தற்காப்பு முறை இயக்கத்தில் இல்லை, நான்கு மாலுமிகள் உயிரிழந்தனர்.

படகின் அருகிலேயே டுபோலெவ்-142 கண்காணிப்பு விமானம் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறந்து, 2017இல் ஓய்வுபெற்ற வகை அது. வேலூர், அரக்கோணம் பக்கத்து மக்கள் தலைக்கு மேல் கேட்டுப் பழகிய இரைச்சலுக்கு உரிய விமானம் கார்வார் மணலில் அமைதியாக நிற்பதைப் பார்த்தபோது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

படகுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏணிகள் செங்குத்தானவை என்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் மேல்தளத்தோடு நின்றுகொள்வது நல்லது. வெயில் இறங்கிய பிறகு போனால் இரும்புத் தளத்தின் சூடு குறைந்திருக்கும். மேற்கே கடல் திறந்து கிடக்கும் வெளிச்சத்தில், பி-15 எட்டிய நாற்பது கி.மீ. என்பது அடிவானத்துக்கும் அப்பால் என்பதை நேராகவே பார்க்கலாம்.