2010 மாடல் டெஸ்க்டாப்ல லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ: ஏழு மாசம் ஓட்டிப் பார்த்துட்டு எழுதுறேன்

எங்க வீடு தர்மபுரி இலக்கியம்பட்டில. அப்பா தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனப்ப, 2010ல, கைக்கு வந்த பணத்துல முதல்ல வாங்கினது ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர். கோர் 2 டூவோ ஈ7500, ஜி41 போர்டு, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அப்போ எங்க தெருவுலயே அது பெரிய விஷயம். வந்தப்ப விண்டோஸ் 7 இருந்துச்சு, அப்புறம் யாரோ 10 போட்டுக் குடுத்தாங்க. கடைசி மூணு வருஷமா சுவிட்சைப் போட்டுட்டு டீ வச்சு குடிச்சு டம்ளரைக் கழுவி வச்சுட்டு வந்தாலும் ஹார்ட் டிஸ்க் லைட் எரிஞ்சுகிட்டே இருக்கும், மவுஸ் நகராது.

போன வருஷம் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடியுதுன்னு ஊரெல்லாம் பேச்சு. பணம் கட்டியோ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வச்சோ இன்னும் ஒரு வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வாங்கிக்கலாம்னு வழி விட்டிருக்காங்க, ஆனா 11க்குப் போறதுங்கறது இந்த மாதிரி மிஷினுக்கு நடக்காத காரியம், அதுக்கு டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி சிப் வேணும், இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ வேணும். நாலு ரோடு பக்கம் ஒரு கடைல கேட்டப்ப, ஐநூறு ரூபா தர்றேன் விட்டுட்டுப் போங்க சார், புதுசு முப்பதாயிரத்துல முடிச்சுத் தர்றேன்னாங்க. அப்பா ஒண்ணும் பேசல, ஆனா வர்ற வழியெல்லாம் அந்த சிபியூவை மடிலயே வச்சுகிட்டு ஆட்டோல உக்காந்திருந்தார். அதைப் பார்த்தப்புறம் தான் இதை ஓட வச்சே ஆகணும்னு எனக்குத் தோணுச்சு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டா பழைய கம்ப்யூட்டர் பறக்கும்னு சொல்றவங்க பாதி உண்மையைத் தான் சொல்றாங்க. மீதி பாதி எஸ்எஸ்டி, அதாவது சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க். அந்த 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்லயே லினக்ஸ்ல ஒரு வகையான மின்ட்டை முதல்ல போட்டுப் பார்த்தேன், பூட் ஆக ரெண்டு நிமிஷத்துக்கு மேல, பயர்பாக்ஸ் திறக்க அரை நிமிஷம். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு 1,600 ரூபாய்க்கு வாங்கி மாட்டினதும் நாப்பது செகண்ட்ல டெஸ்க்டாப் வந்து நிக்குது. இத்தனைக்கும் இந்த போர்டுல எஸ்எஸ்டியை நல்லா ஓட்டற ஏஹெச்சிஐ மோடே கிடையாது, பழைய ஐடிஇ மோட்ல தான் எஸ்எஸ்டி ஓடுது, சாட்டா வேகமும் பழசு, அப்படியும் இவ்வளவு வித்தியாசம். காசு கம்மியா இருந்தா முதல்ல எஸ்எஸ்டி வாங்குங்க, மத்ததெல்லாம் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்.

ராம் கதை தான் பெருசு, அதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும் ஏன்னா இதுல நிறைய பேரு மாட்டிக்கறாங்க. என் போர்டு டிடிஆர்3, ரெண்டு ஸ்லாட், மொத்தம் 8 ஜிபி வரைக்கும் எடுக்கும். பெங்களூர் எஸ்பி ரோடு போயிருந்த தம்பிகிட்ட ரெண்டு 4 ஜிபி வாங்கிட்டு வரச் சொன்னேன், ரெண்டும் சேர்த்து 900 ரூபா, செகண்ட் ஹேண்ட். மாட்டினா டிஸ்பிளேவே இல்ல, பீப் சத்தம் மட்டும் வருது. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நினைச்சேன், அப்படி இல்ல. ஜி41 சிப்செட்டுக்கு ராம் குச்சியோட ரெண்டு பக்கமும் எட்டு எட்டு சிப், மொத்தம் பதினாறு இருந்தா தான் 4 ஜிபி தெரியும், ஒரே பக்கம் எட்டே எட்டு பெரிய சிப் வச்சு வர்ற 4 ஜிபி குச்சியை அதுக்குப் படிக்கத் தெரியாது. தர்மபுரிலயே பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்ன சர்வீஸ் கடை, ஒரு தம்பி தனியாளா வச்சிருக்கார், அவர்கிட்ட காட்டினேன், பார்த்த உடனே "அண்ணா இது ஒத்தப்பக்க சிப்பு, உங்க போர்டுக்கு ஆகாது, பதினாறு சிப்பு என்கிட்ட இருக்கு"ன்னு டப்பால இருந்து எடுத்து மாத்திக் குடுத்துட்டார், மேல நூறு ரூபா தான் வாங்கினார். ஃபேனைக் கழட்டி தூசி தட்டி ப்ராசஸருக்கு பேஸ்ட் வச்சு, போர்டுல இருந்த செல்லையும் புதுசா போட்டார். இந்த மாதிரி ஆளுங்க இருக்கற வரைக்கும் பழைய மிஷினைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

செல்லுன்னா சிஆர்2032, நாப்பது ரூபா. அது செத்துப் போயிருந்தா கரண்ட் போயி வர்றப்பெல்லாம் தேதி பல வருஷம் பின்னாடி போயிடும், அப்புறம் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லைன்னு எச்சரிக்கை வரும், ஏன்னா சைட்டோட சர்டிபிகேட் எந்தத் தேதில இருந்து எதுவரைக்கும் செல்லும்னு பிரவுசர் இந்தத் தேதியை வச்சு தான் பார்க்குது. நெட்டு கோளாறுன்னு ரெண்டு நாள் தேடினேன் நான்.

இனி மின்ட். உபுண்டுங்கற இன்னொரு லினக்ஸோட 24.04 வெர்ஷனை அடிப்படையா வச்சது, மின்ட்டோட 22 வரிசை முழுசுக்கும் 2029 ஏப்ரல் வரைக்கும் அப்டேட் வரும். சின்னமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஇன்னு மூணு விதமான டெஸ்க்டாப்போட குடுக்கறாங்க, பழைய மிஷினுக்கு எக்ஸ்எஃப்சிஇ எடுங்க, மூணுலயும் அது தான் லேசு. 2 ஜிபி ராம் இருந்தா போதும்னு அவங்களே சொல்றாங்க, 4 இருந்தா சௌகரியம்ங்கறாங்க, என் அனுபவத்துல அந்த 4 தான் உண்மையான ஆரம்பம், 2ல பிரவுசர்ல ரெண்டு டேப் திறந்தாலே திணறும். என் மிஷின்ல சும்மா நிக்கறப்ப 800 எம்பி எடுக்குது.

மின்ட் இன்ஸ்டால் ஃபைல் மூணு ஜிபிக்குக் கொஞ்சம் கம்மி, ராத்திரி மொபைல் ஹாட்ஸ்பாட்ல இறக்கி, ஆபீஸ் லேப்டாப்ல ரூஃபஸ்ங்கற சாப்ட்வேர் வச்சு 8 ஜிபி பென்டிரைவ்ல எழுதினேன். பழைய பயாஸ்ங்கறதால பார்ட்டிஷன் ஸ்கீம்னு கேக்கற இடத்துல எம்பிஆர் வைக்கணும். பென்டிரைவ்ல இருந்தே இன்ஸ்டால் பண்ணாம ஓட்டிப் பார்க்கலாம், அதைக் கண்டிப்பா பண்ணுங்க, சவுண்டு வருதா, மானிட்டர் சரியா காட்டுதா, நெட்டு எடுக்குதான்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும். இன்ஸ்டால் பண்றப்ப பழைய ஹார்ட் டிஸ்க் வயரைக் கழட்டி வச்சுட்டேன், அப்பாவோட ஃபைல் எல்லாம் அதுல தான், அவசரத்துல தப்பான டிஸ்க்கை அழிச்சுட்டா திரும்ப வராது. முடிஞ்சப்புறம் மாட்டிக்கிட்டா விண்டோஸ்ல இருந்த ஃபோல்டரெல்லாம் அப்படியே திறக்குது. மொத்தம் இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு.

வைஃபைக்கு ஒரு சின்ன யூஎஸ்பி டாங்கிள் வச்சிருக்கோம், அது உடனே எடுக்கல. போனை கேபிள்ல சொருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணா எந்த டிரைவரும் இல்லாம நெட்டு வந்துடுது, அந்த நெட்டுல டிரைவரை இறக்கிப் போட்டுட்டேன்.

இப்ப அப்பா விஷயம். அவர் கைக்குத் தெரிஞ்சது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல கத்துகிட்ட பழைய தமிழ் தட்டச்சு. தமிழ்99 நல்ல லேஅவுட் தான், அரசாங்கமே 1999ல ஏத்துகிட்டது, ஆனா நாப்பது வருஷம் ஒரு மாதிரி ஓடின விரலை எழுபத்தி நாலு வயசுல மாத்தச் சொல்ல எனக்கு மனசில்ல. மின்ட் மெனுல இன்புட் மெத்தட்னு ஒண்ணு இருக்கு, அதுல தமிழ் எடுத்து ஐபஸ்ங்கற டைப்பிங் சாப்ட்வேர், அதோட எம்17என் பேக்கேஜும் போட்டா தமிழ்99, போனடிக், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் வருது, அந்த வரிசைலயே டைப்ரைட்டரும் இருக்கு. லாக் அவுட் பண்ணி உள்ள வந்து அதைத் தேர்ந்தெடுத்துக் குடுத்தேன். அப்பா கீபோர்டைப் பார்க்கவே இல்ல, ஸ்கிரீனைப் பார்த்து நாலு வரி அடிச்சார், அவர் பேரு, அவங்க அப்பா பேரு, எங்க ஊரு பேரு. "வருதுப்பா"ன்னு மட்டும் சொன்னார். இந்த ஒண்ணுக்காகவே நான் மின்ட்டுக்கு முழு மார்க் குடுப்பேன்.

அவரோட பழைய லெட்டர், மனு, குடும்ப விவரமெல்லாம் பாமினி ஃபான்ட்ல அடிச்சது. பாமினி, எல்லா மிஷின்லயும் ஒரே மாதிரி தெரியற யூனிகோட் இல்ல, இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய எடத்துல தமிழ் உருவத்தை வரைஞ்சு வச்ச ஃபான்ட், அதனால ஃபான்ட் இல்லாத மிஷின்ல திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா தான் தெரியும், ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பயந்துடாதீங்க. ஹோம் ஃபோல்டருக்குள்ள .ஃபான்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு, பேரை மட்டும் இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல வச்சு, பாமினி ஃபைலைக் காப்பி பண்ணா, எம்எஸ் ஆபீஸ் மாதிரியான லிப்ரே ஆபீஸ்ல அந்த லெட்டரெல்லாம் அப்படியே திறக்குது. ஆனா பாமினில இருக்கற வரைக்கும் அதுக்குள்ள தேட முடியாது, வாட்ஸ்அப்ல அனுப்ப முடியாது, அதனால முக்கியமானதை எல்லாம் கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்திகிட்டு வர்றேன், இதுவரைக்கும் முப்பது ஃபைல் ஆச்சு.

பொண்ணு பதினொண்ணாவது, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். அவங்க பாடப் புத்தகத்துலயே ஓபன் ஆபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் தான் இருக்கு, அதோட வழி வந்தது தான் லிப்ரே ஆபீஸ், மெனுவெல்லாம் பெரும்பாலும் அதே எடத்துல இருக்கறதால வீட்லயே பிராக்டிகல் போட்டுப் பார்த்துக்கறா. ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் எழுத டெக்ஸ்ட் எடிட்டரும் பிரவுசரும் போதும். அம்மா யூட்யூப்ல சமையல் பார்ப்பாங்க, 720ல தடையில்லாம ஓடுது, 1080 வச்சா திக்கும், ஏன்னா இந்தக் காலத்து ப்ராசஸர் மாதிரி புது வீடியோ ஃபார்மேட்டைத் தனியா பிரிக்கற வசதி இதுல இல்ல, எல்லாத்தையும் ப்ராசஸரே தூக்கிச் சுமக்கணும். பயர்பாக்ஸ்ல ஹெச்264ஃபைன்னு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டேன், யூட்யூபை ஹெச்.264 ஃபார்மேட்லயே குடுக்க வைக்கும், அதுக்கப்புறம் ஃபேன் சத்தமே குறைஞ்சுடுச்சு.

பிரிண்டர் தான் என்னை ரொம்ப வதைச்சது. எங்க வீட்டு லேசர் பிரிண்டர் பழசு, கம்பெனி பேரு வேண்டாம், டிரைவரை டெர்மினல்ல கமாண்ட் அடிச்சுப் போட்டு ரெண்டு சாயங்காலம் போராடினேன், இப்பவும் சில சமயம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா தான் எடுக்குது. ஹெச்பி பிரிண்டர் வச்சிருக்கறவங்களுக்கு ஹெச்பிலிப்னு தனி டிரைவர் தொகுப்பு இருக்கு, நிறைய மாடலுக்கு அதுவே போதும். எதுவா இருந்தாலும் மிஷினை அழிக்கறதுக்கு முன்னாடி உங்க பிரிண்டர் மாடல் பேரையும் லினக்ஸையும் சேர்த்துப் போட்டு ஒரு தடவை தேடிடுங்க. அதே மாதிரி கடைக் கணக்கு டேலில வச்சிருக்கறவங்க வேண்டாம், டேலி லினக்ஸ்ல நேரடியா ஓடாது, விண்டோஸ் சாப்ட்வேரை லினக்ஸ்ல ஓட்டற ஒயின் அது இதுன்னு சுத்தி வளைச்சு வியாபாரக் கணக்கை வச்சு விளையாடாதீங்க.

அப்டேட் போடறதுக்கு முன்னாடி டைம்ஷிஃப்ட்ங்கற டூல்ல ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டம் அப்போ இருக்கற நிலையோட காப்பி, எடுத்து வச்சுக்கறேன். எங்க பக்கம் சொல்லாம கரண்ட் போகும், யூபிஎஸ் பேட்டரி பத்து நிமிஷம் தான் தாங்கும், அப்டேட் பாதில நின்னா பழைய நிலைக்குத் திரும்ப அது வேணும். செப்டம்பர்ல மின்ட் 22.1ல இருந்து 22.2க்கு அப்டேட் மேனேஜர்லயே மாத்தினேன், எதுவும் உடையல.

மொத்த செலவு எஸ்எஸ்டி 1,600, ராம் ஆயிரம், சர்வீஸும் செல்லும் பேஸ்ட்டும் சேர்த்து 350. மூவாயிரத்துக்குள்ள.

பாலக்கோட்டுல மாமா வீட்ல ஒரு பென்டியம் 4 இருக்கு, அதுக்கும் போட்டுக் குடுப்பான்னு கேட்டார். போய்ப் பார்த்தேன், 32 பிட் ப்ராசஸர், 1 ஜிபி ராம், மின்ட் 22 வரிசை 64 பிட் ப்ராசஸருக்கு மட்டும் தான். 32 பிட்டுக்கு டெபியன்ங்கற இன்னொரு லினக்ஸோட 12வது வெர்ஷன் போடலாம், ஆனா 2025ல வந்த டெபியன் 13ல 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே எடுத்துட்டாங்க, அதனால அதுல காசு போட வேண்டாம் மாமான்னு சொல்லிட்டேன். அதுக்குப் பதிலா நம்ம பஸ் ஸ்டாண்ட் தம்பி கடைல ஒரு ரெண்டாவது ஜெனரேஷன் ஐ3 வந்திருக்கு, ஞாயித்துக்கிழமை அவரைக் கூட்டிட்டுப் போய் பென்டிரைவ் சொருகி கடைலயே ஓட்டிப் பார்த்துட்டு வாங்கறதா இருக்கோம்.