ஸ்பிங்க்ஸ், கிட் வைத்து ஏழு குறுவையாகத் தமிழ்க் கையேடு எழுதும் அனுபவம்

நெல் நடவு இயந்திரத்துக்குத் தமிழில் கையேடு எழுதுவது என் வேலை. கம்பெனி கோயம்புத்தூர் பக்கம். நான் இருப்பது மன்னார்குடியில், ஹரித்ராநதி தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. 2019 ஜனவரியிலிருந்து எழுதுவது, திருத்துவது, பிடிஎஃப் ஆக்குவது எல்லாம் ஸ்பிங்க்ஸிலும் கிட்டிலும்தான். ஸ்பிங்க்ஸ் என்பது சாதாரண எழுத்துக் கோப்புகளை பிடிஎஃப்பாகவும் இணையப் பக்கமாகவும் ஆக்கும் மென்பொருள். கிட் என்பது ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்து வைக்கும் மென்பொருள். இரண்டும் காசில்லாமல் கிடைப்பவை. தமிழில் தொழில்நுட்ப ஆவணம் எழுதுகிறவர்கள் தாராளமாக இதற்கு மாறலாம். ஆனால் தமிழ் என்பதாலேயே சில இடங்களில் முட்டிக்கொள்ளும். அந்த இடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாறியதற்குக் காரணம் கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கானது. அப்போது கையேடு முழுவதும் ஒரு ஆன்லைன் மென்பொருளில் இருந்தது. எழுதுவது, மற்றவர்கள் பார்த்துத் திருத்தம் சொல்வது எல்லாம் அதற்குள்ளேயே. தெருக்காரர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரில் லேப்டாப்பை சார்ஜ் போட்டுக்கொண்டேன். நெட் இல்லை. நான் எழுதியதில் ஒரு வரியைக்கூடத் திறந்து பார்க்க முடியவில்லை. கிட்டில் அந்தக் கவலை கிடையாது. ஆவணமும் அதன் முழுத் திருத்த வரலாறும் நம் கணினியிலேயே இருக்கும். நெட் வந்ததும் அனுப்பிக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போகாத நாளே இல்லாத ஊரில் இது ஒன்றே எனக்குப் போதும்.

முதல் பெரிய சிக்கல் பழைய கோப்புகள். கம்பெனியின் பழைய கையேடுகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். கமா இருக்கிற இடத்தில் 'இ'. பெரிய 'எம்' இருக்கிற இடத்தில் 'ஆ'. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மொத்தமாக மாற்றியதும் 1,500 என்ற எண் '1இ500' ஆகிவிட்டது. எம்8 போல்ட் 'ஆ8' ஆகிவிட்டது. படிக்கிற நமக்குச் சட்டென்று கண்ணில் படும் என்றுதான் நினைப்போம். அட்டவணைக்குள் நாற்பது வரிகளுக்கு நடுவே ஒன்று இருந்தால் படாது. இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் ஒரு தமிழ் எழுத்து வந்தால் எச்சரிக்கும்படி சின்னதாக ஒரு நிரல் எழுதி வைத்தேன். பார்ட் நம்பர்களை மட்டும் மாற்றாமல், மூலத்தைப் பார்த்துக் கையாலேயே அடித்தேன். அந்த நிரல் இன்றும் தினமும் ஓடுகிறது.

இதைவிடப் பொல்லாதது 'போல்ட்' என்ற சொல். எங்கள் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஒரு முறை எல்லா 'போல்ட்'டையும் தேடி மாற்றியபோது பாதி மாறியது, பாதி அப்படியே நின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோடில் 'ோ' என்ற குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். 'ே', 'ா' என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோட் விதி சொல்கிறது. ஆனால் என் எடிட்டரின் தேடல் பெட்டி குறியீட்டைக் குறியீடாகவே ஒப்பிட்டது. 'ஒ'கரக் குறிக்கும் 'ஔ'காரக் குறிக்கும் இதே கதைதான். பைத்தான் நிரல் மொழியில் இதற்கென்றே யூனிகோட் சீராக்கும் செயல்பாடு இருக்கிறது. என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றினால் எல்லாம் ஒற்றைக் குறியீடாகிவிடும். கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது திருத்தத்தைப் பதிவு செய்வதற்கும், முன்னால் அது தானாக ஓடும்படி வைத்துவிட்டேன். தமிழில் எழுதுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் கிட் அதை 340, 256 என்று எண்களாகக் காட்டும். கோப்பு கெட்டுப்போகவில்லை. கோர் கோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றினால் தமிழாகவே தெரியும்.

பிடிஎஃப்புக்கு வருகிறேன். ஸ்பிங்க்ஸ் பிடிஎஃப் ஆக்குவது லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வழியாக. அதில் வழக்கமான பிடிஎஃப்லேடெக் தமிழுக்கு ஒத்துவராது. ஸ்பிங்க்ஸ் அமைப்புக் கோப்பில் அதை ஸீலேடெக் என்ற இன்னொரு வகைக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கும். 2022-இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்குப் பதிலாக மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். குறுவைக்கு முன்னால் டீலர்கள் கைக்குப் போக வேண்டிய கையேடு எனக்கு இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. அவசரத்தில் ஸீலேடெக்கை நேரடியாக ஒரே ஒரு தடவை ஓட்டி அச்சகத்துக்கு அனுப்பினேன். பொருளடக்கம் வெறுமையாக இருந்தது, 'பக்கம்' என்று வரும் இடமெல்லாம் கேள்விக்குறி. லேடெக் முதல் ஓட்டத்தில் பக்க எண்களைக் குறித்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்தில்தான் நிரப்பும். ஸ்பிங்க்ஸின் 'மேக் லேடெக்பிடிஎஃப்' கட்டளை தேவையான தடவை தானே ஓட்டிக்கொள்ளும். அச்சகத்தில் தாள் வெட்டுபவர் பார்த்து போன் செய்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து குறுக்குவழி கிடையாது. எச்சரிக்கை ஒன்று வந்தாலும் அதைப் பிழையாகவே கொள்ளும் 'டபிள்யூ' சுவிட்சையும் போட்டிருக்கிறேன். திருத்தியது வராமல் பழையதே திரும்பத் திரும்ப வந்தால் 'மேக் கிளீன்' கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். ஸ்பிங்க்ஸ் சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதி போய்விடும்.

இனி மறுஆய்வு. கோவையில் இருக்கும் இன்ஜினியர் சார் பிடிஎஃப்பிலேயே மஞ்சள் குறிப்பு ஒட்டி அனுப்புவார். அந்தக் குறிப்பு தாளில் ஓர் இடத்தோடு ஒட்டியிருக்குமே தவிர வாக்கியத்தோடு ஒட்டியிருக்காது. நான் நடுவில் ஒரு பத்தி சேர்த்திருந்தால், அவர் எந்த வரியைச் சொன்னார் என்பதே புரியாது. பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினாலும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறி வந்தது. அதனால் வரைவுப் பிரதியில் ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டேன். லேடெக்கில் அதற்கு லைன்நோ என்ற தொகுப்பு இருக்கிறது. அடியில் கிட்டின் பதிப்பு அடையாளத்தையும் அச்சிட்டேன். பதிப்பு, பக்கம், வரி: மூன்றும் இருந்தால் மூன்று மாதம் கழித்து வரும் திருத்தத்தையும் சரியான இடத்தில் போடலாம்.

இந்த வரி எண்ணால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் நீடாமங்கலத்தில் இருக்கும் மெக்கானிக் அண்ணன். அவர் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். பேருந்தில் பிரிண்ட் கொடுத்துவிடுவேன், வயலில் நின்றுகொண்டே போன் செய்வார். "ஏம்மா, பதினாலாம் பக்கம் ஆறாவது வரி. சேறடிச்சதும் வண்டிய இறக்கலாம்னு போட்டிருக்கே. அன்னைக்கே இறக்கினா நாத்து எப்படிம்மா நிக்கும்? மண்ணு படியணும்ல." உண்மைதான். அடுத்த பதிப்பில் 'சேறடித்தபின் மண் படிய விட்டு' என்று மாறியது. எத்தனையோ மறுஆய்வில் தப்பிய வாக்கியம் அது.

சரிசெய்ய முடியாமல் இன்னும் நிற்பது இணையப் பதிப்பின் தேடல். ஸ்பிங்க்ஸ் சொற்களைப் பிரிக்கப் பயன்படுத்தும் பைத்தானின் தேடல் விதி, நம் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாக எண்ணுவதில்லை. 'நாற்று' என்ற சொல் 'ந', 'ற', 'ற' என்று உடைந்துவிடுகிறது. அதனால் சொல்லடைவைக் கையால் கட்டுகிறேன். எந்தச் சொல்லைப் போடுவது என்று அண்ணனிடமே கேட்டேன். பாகத்தின் பெயரை யாரும் தேடமாட்டார்கள், கோளாறைத்தான் தேடுவார்கள் என்றார். 'நாற்று மிதக்கிறது', 'நாற்று விழவில்லை', 'தட்டு நகரவில்லை' என்று அவர் சொல்லச் சொல்லச் சேர்த்துவருகிறேன். 'ஒரு பக்கம் மட்டும் நடுகிறது' என்பதைப் போன வாரம் சொன்னார். அதற்கான விளக்கத்தை இன்ஜினியர் சாரிடம் கேட்டு அனுப்பியிருக்கிறேன்.