க்வெரிடிராக்கர் பிரீமியம்: 25 டாலர் கட்டலாமா வேணாமா

இங்கிலீஷ்ல நாவல் எழுதி முடிச்சிட்டு அமெரிக்க லிட்டரரி ஏஜென்ட்டுங்களுக்கு அனுப்பப் போறேன்னு யார்கிட்ட சொன்னாலும் மொதல்ல வர்ற பேரு க்வெரிடிராக்கர்ங்கற சைட் தான். நான் ஃப்ரீ அக்கவுண்ட்லயும் இருந்திருக்கேன், வருஷத்துக்கு 25 டாலர்னு கட்டி பிரீமியம்லயும் இருந்திருக்கேன், அதனால ரெண்டையும் வச்சே எழுதறேன். அவசரத்துல இருக்கறவங்களுக்கு: யாருக்கு அனுப்பலாம்னு லிஸ்ட் போடறதுக்கு இதை அடிச்சிக்க ஆளே இல்ல, ஆனா அனுப்பிட்டு பதிலுக்கு காத்திருக்கற நேரத்துல இதைத் திறந்து வச்சிக்கிட்டு உக்காந்தீங்கன்னா தூக்கம் போச்சு.

விஷயம் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் பின்கதை. தமிழ்ல எழுதினா நேரா பதிப்பகத்துக்கே அனுப்பிடலாம், நடுவுல ஆள் கிடையாது. நியூயார்க்ல அந்தக் கதை நடக்காது. பெங்குயின் ரேண்டம் ஹவுஸ், ஹார்பர்காலின்ஸ், சைமன் அண்ட் ஷூஸ்டர், ஹாஷெட், மேக்மில்லன்னு அந்த அஞ்சு பெரிய கம்பெனிங்களும் ஏஜென்ட் வழியா வராத நாவலை பெரும்பாலும் தொடவே மாட்டாங்க. அதனால மொதல்ல ஏஜென்ட்டைப் பிடிக்கணும். அதுக்கு ஒரு பக்க லெட்டர், சுமார் 300 வார்த்தை, கூட மொதல் அஞ்சு பக்கமோ பத்து பக்கமோ, சிலர் கேட்டா சினாப்சிஸ், அதாவது கதைச் சுருக்கம், இதுக்குப் பேர் தான் க்வெரி. பிடிச்சிருந்தா மொதல்ல கொஞ்சம் சாப்டர் கேப்பாங்க, இல்ல எடுத்த எடுப்புலயே முழு நாவலையும் கேப்பாங்க, அது தான் எல்லாரும் தவம் கிடக்கற ஃபுல் ரெக்வெஸ்ட். புக் வித்தா ஏஜென்ட்டுக்கு வழக்கமா 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைன்னா 20. அதுக்கு முன்னாடி ஒரு பைசா குடுக்கக்கூடாது, படிச்சுப் பாக்கறதுக்கு ஃபீஸ் கேட்டா அந்தப் பக்கமே திரும்பாதீங்க.

சரி, சைட்டுக்கு வருவோம். பேட்ரிக் மெக்டொனால்டுங்கறவர் 2007ல ஆரம்பிச்சது. பாக்கறதுக்கும் அந்தக் காலத்து சைட் மாதிரி தான் இருக்கும், டேபிள் மேல டேபிள், குட்டி குட்டி ஐகான், போன்ல பாத்தா கண்ணு வலிக்கும், லேப்டாப்ல பாருங்க. ஆனா உள்ள இருக்கற சரக்கு நல்ல சரக்கு. உங்க ஜானர், அதாவது கதை வகை என்ன, எந்த நாடு, இப்போ க்வெரி வாங்கறாங்களா மூடி வச்சிருக்காங்களா, ஈமெயிலா ஃபார்மான்னு எல்லாத்தையும் போட்டு வடிகட்டலாம். இது முழுக்க ஃப்ரீ. யாருக்கு எப்போ அனுப்பினோம், என்ன பதில் வந்துச்சுன்னு குறிச்சி வச்சிக்கறதும் ஃப்ரீ. ஒரே ஒரு நாவலை அனுப்பறவங்களுக்கு சத்தியமா இது போதும்.

ஃப்ரீலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது கமெண்ட்ஸ். ஒவ்வொரு ஏஜென்ட் பக்கத்துலயும் அனுப்பினவங்க எழுதி வச்சிருப்பாங்க, பாதி சங்கேத பாஷைல இருக்கும், போகப் போக பழகிடும். ரெண்டு வாரத்துல ஃபார்ம் ரிஜெக்ஷன்னு ஒருத்தர், அதாவது எல்லாருக்கும் அனுப்பற அதே நாலு வரி. அடுத்தவர் மூணு மாசம் கழிச்சி ஃபுல் கேட்டாங்கன்னு. அதுக்குக் கீழ ஒருத்தர் சி.என்.ஆர்.னு மட்டும் போட்டுட்டுப் போயிருப்பார், பதிலே வரல, கணக்க மூடிட்டேன்னு அர்த்தம். இந்த மூணு வரியைப் படிச்சாலே அந்த ஏஜென்ட் எப்படிப்பட்டவர்னு ஓரளவு பிடிபட்டுடும். நிறைய ஏஜென்ட்டுங்க பதில் வரலன்னா வேணாம்னு எடுத்துக்கோங்கன்னு அவங்க சைட்லயே போட்டிருப்பாங்க, எட்டு வாரமோ பன்னெண்டு வாரமோன்னு கெடுவும் சொல்லியிருப்பாங்க. அந்தக் கெடு நெஜமா பொய்யான்னு கமெண்ட்ஸ பாத்தா தான் தெரியும். ஆறு வாரம்னு போட்டுட்டு ஆறு மாசம் கழிச்சி ஃபுல் கேக்கறவங்களும் இருக்காங்க.

இப்போ பிரீமியம். காசு குடுத்தா கிடைக்கறதுல முக்கியமானது ரெண்டு. ஒண்ணு, ரிப்போர்ட்டுங்க. யார் எவ்ளோ சீக்கிரம் பதில் போடறாங்க, வந்ததுல எத்தனை பங்குக்கு ஃபுல் கேக்கறாங்க, எந்த ஜானர்ல கேட்டிருக்காங்கன்னு பாக்கலாம். இதுக்காகவே 25 டாலர் குடுக்கலாம்னு நான் சொல்வேன். ஏன்னா ஒரு ஏஜென்ட் அவங்க ப்ரொஃபைல்ல ஃபேன்டசி, த்ரில்லர், லிட்டரரி, ரொமான்ஸ்னு எல்லாத்தையும் போட்டு வச்சிருப்பாங்க, ரிப்போர்ட்ட திறந்து பாத்தா கேட்டதெல்லாம் ரொமான்ஸா தான் இருக்கும். உங்களோடது குடும்பக் கதைன்னா அங்க அனுப்பறது வேஸ்ட். இப்படிச் சலிச்சாலே லிஸ்ட் பாதியாயிடும்.

ரெண்டாவது தான் வில்லன். ஒரு ஏஜென்ட்டுக்கு இந்த சைட் மெம்பர்ஸ் அனுப்பின க்வெரி அத்தனையும் தேதி வரிசைல வரும். பச்சை சிரிப்பு மூஞ்சின்னா கேட்டிருக்காங்க, செவப்பு சோக மூஞ்சின்னா ரிஜெக்ட், மத்ததுக்கெல்லாம் இன்னும் பதில் இல்ல. உங்க க்வெரியும் அதுல ஒரு வரி. இப்போ பாருங்க கூத்தை. உங்களுக்கு முன்னாடி நாள் அனுப்பினவருக்கு செவப்பு வந்துடுச்சு, மறுநாள் அனுப்பினவருக்கும் செவப்பு, உங்களோடது மட்டும் அப்படியே கிடக்கு. உடனே மனசு என்ன சொல்லும்? நம்மளத் தனியா எடுத்து வச்சிருக்காங்க, அப்புறம் பாக்கலாம்னு ஒதுக்கி வச்ச ‘மேபி’ குவியல்ல இருக்கோம், பிடிச்சிருக்கு போல. இதை வச்சி எவ்ளோ பேர் என்னென்ன கணக்கு போடறாங்கன்னு பாத்தா கிளி ஜோசியமே தேவலாம்னு தோணும்.

எந்தக் கணக்கும் நிக்காது, காரணம் சிம்பிள். அங்க இருக்கறது மெம்பர்ஸ் தானா வந்து பதிஞ்சது மட்டும் தான். அந்த ஏஜென்ட்டுக்கு வந்த மொத்த க்வெரில அது எத்தனாவது பங்குன்னு யாருக்கும் தெரியாது. ரிஜெக்ட் ஆனவங்க பாதிப் பேர் வெறுத்துப் போய் அப்டேட் பண்ணவே மாட்டாங்க. அதுவும் போக ஏஜென்ட் வரிசையா தான் படிக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல, ஒரு வாரம் த்ரில்லர் மட்டும் எடுத்துப் பாப்பாங்க, இன்டர்ன் ஒருத்தர் மொதல்ல சலிச்சிக் குடுப்பார், தெரிஞ்சவங்க சொல்லி அனுப்பினது முன்னாடி போகும். உங்க வரி சும்மா கிடக்குன்னா சும்மா கிடக்குன்னு தான் அர்த்தம். ஒரு ஏஜென்ட், பேர் வேணாம், என்கிட்ட ஃபுல் கேட்டு வாங்கினாங்க, அப்புறம் பேச்சே இல்ல, என்னாச்சுன்னு ஞாபகப்படுத்தி மரியாதையா நட்ஜ் மெயில் போட்டேன், அதுக்கும் பேச்சில்ல. அவங்க வரிசைல அப்பவும் புதுசு புதுசா பச்சை மூஞ்சி வந்துகிட்டு தான் இருந்துச்சு. அதை டெய்லி பாத்து எனக்கு என்ன கிடைச்சதுன்னு கேக்காதீங்க.

க்வெரிமேனேஜர்னு இன்னொண்ணு இருக்கு, அதே ஆளுங்களோடது தான், ஆனா அது ஏஜென்ட் பக்கம். நிறைய ஏஜென்ட்டுங்க ஈமெயில விட்டுட்டு இந்த ஃபார்முக்கு மாறிட்டாங்க. வார்த்தை எண்ணிக்கை, கதையை ஒரே வரில சொல்லி ஆர்வத்தைக் கிளப்பற பிட்ச், உங்க புக் மாதிரி சமீபத்துல வந்த புக்குங்க, பயோன்னு தனித்தனி கட்டமா கேக்கும், எந்தெந்தக் கட்டம் வேணும்ங்கறது அந்தந்த ஏஜென்ட் இஷ்டம். அதனால எல்லாத்தையும் முன்னாடியே ஒரு ஃபைல்ல எழுதி வச்சிக்கோங்க, ஃபார்ம திறந்துட்டு பிட்ச் யோசிக்காதீங்க. எனக்குப் பிடிச்சது என்னன்னா அனுப்பினதும் ஒரு லிங்க் வரும், அதுல போய் நிலைமை என்னன்னு பாக்கலாம், வேணாம்னா வாபஸ் வாங்கலாம். ஈமெயில்ல அனுப்பிட்டு போச்சா, ஸ்பாம்ல விழுந்துச்சான்னு முழிக்கிற வேலை மிச்சம்.

வேற எதையும் பாக்கலாமான்னா, பப்ளிஷர்ஸ் மார்க்கெட்ப்ளேஸ் இருக்கு, ஆனா அது வேற ஜாதி. எந்த ஏஜென்ட் எந்தப் புக்கை எந்த எடிட்டர்கிட்ட வித்தாங்கன்னு அங்க தான் தெரியும். மாசம் 25 டாலர், அதாவது இங்க ஒரு வருஷத்துக்கு குடுக்கறத அங்க ஒரே மாசத்துல குடுக்கணும். ஆனா 10 டாலருக்கு ஒரு நாள் பாஸ் உண்டு, லிஸ்ட் ரெடி பண்ணிட்டு ஒரு லீவு நாள்ல உக்காந்து எல்லாப் பேரையும் தேடிடுங்க. அங்க டீல எழுதற பாஷையே தனி காமெடி. நைஸ் டீல்னா 1 டாலர்ல இருந்து 49,000 டாலர் வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம், மேஜர் டீல்னா 5 லட்சம் டாலருக்கு மேல. முக்கால்வாசிப் பேருக்கு நைஸ் தான். சும்மா கணக்கு வச்சிக்க மட்டும்னா கூகுள் ஷீட்டே போதும், ஒரு டாலரும் வேணாம்.

லண்டன் ஏஜென்ட்டுங்களுக்கு மட்டும் அனுப்பறவங்க பிரீமியம் கட்டறதுக்கு முன்னாடி யோசிங்க. அங்க வழக்கமா மொதல் மூணு சாப்டர், சினாப்சிஸ், கவரிங் லெட்டர்னு கேப்பாங்க. அவங்களும் இந்த சைட்ல இருக்காங்க, ஆனா நான் பாத்த பக்கங்கள்ல கமெண்ட்ஸ் ரொம்பக் கம்மி, கமெண்ட் இல்லாத பக்கத்துக்கு எதுக்கு காசு. அதுக்கு ப்ளூம்ஸ்பரி வருஷா வருஷம் போடற ரைட்டர்ஸ் அண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் இயர்புக்க வாங்கினா உருப்படியா இருக்கும்.

பிரீமியம் வேணும்னு முடிவு பண்ணிட்டா, நாவல் முழுசா திருத்தி முடிஞ்சி லெட்டரும் ரெடியான அப்புறம் கட்டுங்க, எழுதிக்கிட்டு இருக்கும்போதே கட்டி வருஷத்தை வீணாக்காதீங்க. கட்டின மொத வாரமே ரிப்போர்ட்டெல்லாம் பாத்து பேர் எடுத்து வச்சிக்கோங்க, கொஞ்சம் கொஞ்சமா அனுப்புங்க, டிசம்பர் கடைசில அனுப்பாதீங்க, பாதி ஆபீஸ் மூடியிருக்கும். அப்புறம் இந்தியாவுல இருந்து அனுப்பறவங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு காலைன்னா நமக்கு சாயங்காலம், அதனால பதில் பெரும்பாலும் நாம படுக்கப் போற நேரத்துல தான் வரும். க்வெரிக்குன்னு தனி ஈமெயில் ஐடி வச்சிக்கிட்டு போன்ல அதோட நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணிடுங்க, காலைல காபி குடிச்சிட்டு திறந்தா போதும்.