ஏலக்காய்க் கடை மேசையில் எஸ்கியூலைட்

கம்பத்தில் இருந்துகொண்டு, மலைக்கு மேலே குமுளி, அணக்கரை, வண்டன்மேடு பக்கமும் கீழே போடி வரையிலும் உள்ள ஏலக்காய் வியாபாரிகளுக்குக் கணக்கு நிரல் எழுதித் தருவது என் தொழில். ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடப்பதால், ஒரே வியாபாரியின் கணக்கில் இரண்டு மாநிலத்து விற்பனையும் இரண்டு மொழிப் பெயர்களும் கலந்துதான் வரும். அந்தக் கணக்குகள் எல்லாவற்றையும் ஆறு ஆண்டுகளாக எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறேன். இனியும் அதில்தான் வைக்கப்போகிறேன்.

முதல் காரணம் மலைதான். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் ஒன்றாகப் போய்விடும் கடைகளில், வெளியூர் சர்வரை நம்பி எடை போட முடியாது. எஸ்கியூலைட்டுக்குச் சர்வரே கிடையாது. நிரலுக்குள்ளேயே சேர்ந்து இயங்கும் ஒரு நிரல் தொகுப்பு (நூலகம்) அது, தரவு முழுவதும் ஒரே கோப்பு. போன ஆடியில் குமுளிக் கடை ஒன்றில், தராசில் இருந்த மூட்டையின் எடையைப் பதிந்து பொத்தானை அழுத்திய நொடியில் மின்சாரம் போனது. பழைய மேசைக் கணினி, யுபிஎஸ் இல்லை. அரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது அந்த மூட்டை வரை எல்லா வரிகளும் அப்படியே இருந்தன. இது அதிர்ஷ்டமன்று. ஒரு பதிவை எழுதும் வேலை (பரிவர்த்தனை) முடிவதற்குள் மின்சாரம் போயிருந்தால், கோப்பின் பழைய பக்கங்களின் நகல் தனி ஜர்னல் கோப்பில் இருக்கும். அடுத்த முறை திறக்கும்போது எஸ்கியூலைட் தானே அதைப் படித்துப் பாதி எழுதியதை நீக்கி, முந்தைய நிலைக்குத் திரும்பிவிடும். பாதி மூட்டைக் கணக்கு என்று ஒன்று கோப்பில் தங்குவதில்லை.

ரிச்சர்ட் ஹிப் 2000 ஆகஸ்டில் இதன் முதல் பதிப்பை வெளியிட்டார். மூல நிரல் யாருக்கும் உரிமையில்லாத பொதுச் சொத்து என்பதால், சிறு வியாபாரியிடம் உரிமக் கட்டணம் என்று நான் ஒரு ரூபாய்கூடக் கேட்க வேண்டியதில்லை. 2004இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பு வடிவமே இன்றும் தொடர்கிறது. 2050 வரை இதைப் பராமரிப்பதே தங்கள் நோக்கம் என்று அதை உருவாக்குவோர் எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய கணக்கைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய தொழிலில் இதைவிட வேறென்ன வேண்டும்?

குறைகளும் உண்டு. எடை என்ற எண் பத்தியில் ‘12 கிலோ’ என்று தட்டினால், மறுக்காமல் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளும். எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது என்பது அதன் ஒப்பீட்டு விதி. ஆகவே அதிகபட்ச எடை எது என்று கேட்டால் அந்தத் தவறான வரிதான் வந்து நிற்கும். 2021 நவம்பரில் வந்த 3.37 பதிப்பு முதல் அட்டவணையை ‘ஸ்டிரிக்ட்’ என்று அறிவித்து இதைத் தடுக்கலாம். புதிய அட்டவணைகளை அப்படியே எழுதுங்கள். ஓர் அட்டவணை சுட்டும் வரி மற்ற அட்டவணையில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சோதனையும் இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் அதை இயக்க வேண்டும்.

நம் மொழிக்கு வரும்போது உழைப்பு கூடுகிறது. எஸ்கியூலைட் தானாகச் செய்வது பைட் வரிசை, அதாவது எழுத்துகளின் குறியீட்டு எண்ணைப் பார்த்து அடுக்குவது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் ‘ன’ எழுத்து ‘ந’ எழுத்துக்கு அடுத்தே நிற்பதால், மயில்சாமிக்கு முன்னால் மனோகரன் வந்துவிடுகிறார். நம் அகர வரிசையிலோ னகரம் மெய்களில் கடைசி. புள்ளியின் குறியீட்டு எண் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால், அப்பாஸுக்கு முன்னால் அபிராமி வருகிறார். பேரேட்டில் பெயர் தேடிப் பழகிய கணக்குப்பிள்ளைகள் இதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். பைத்தான் நிரல்மொழியில் வரிசை விதியைச் சேர்க்க உதவும் ‘கிரியேட் கொலேஷன்’ வழியாகத் தமிழ் வரிசையை நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன். நாற்பது வரிகூட இல்லை. ஆனால் அந்த வரிசையில், தேடலை விரைவாக்கும் குறியட்டவணை அமைத்துவிட்டால், அந்த விதியை அறியாத வேறு கருவியில் அதே கோப்பைத் திறந்து பெயர்களைத் திருத்த முடியாது, பிழை காட்டும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 3 என்று வராது, 5 என்று வரும். ரசீதில் பெயரை நறுக்குபவர்கள் கவனிக்க வேண்டும். மலையாளப் பெயர்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது: 2008க்கு முன் சில்லெழுத்தை (உயிர் சேராத மெய்க்கான தனி வடிவம்) மூன்று குறியீடுகளால் எழுதினார்கள், பின்னர் அதற்கென்றே தனிக் குறியீடு வந்தது. திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பெயர்கள் தேடலில் பொருந்தாமல் போவது இதனால்தான். சேமிப்பதற்கு முன்பே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது என் வழக்கம்.

நகல் எடுக்கும்போது, நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் கோப்பை மட்டும் பென்டிரைவில் இழுத்துப் போடாதீர்கள். மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதிவைக்கும் ‘வால்’ (WAL) முறை இயங்கும்போது கடைசிப் பதிவுகள் பக்கத்துக் கோப்பில் இருக்கக்கூடும். ‘வாக்யூம் இன்டூ’ கட்டளை முழு நகலை ஒரே கோப்பாகத் தந்துவிடும். மாலையில் கடை அடைக்கும்போது அதை நிரலே செய்யும்படி வைத்திருக்கிறேன்.

ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பதை ஒரே கடைக்குள் யாரும் உணர்வதில்லை. கம்பத்தில் ஒன்று, குமுளியில் ஒன்று என இரண்டு கடை வைத்து, ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்று கேட்பவருக்கு மட்டும், சர்வரில் இயங்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை நிறுவித் தருகிறேன்.