அடைக்கோழியா, பல்பா? குஞ்சுகள் வெளியே போகும் நாளை வைத்துப் பாருங்கள்

பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரலாம். இதை பல்பும் தரும், அடைக்கோழியும் தரும். முதல் வாரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தெரிவது, குஞ்சுகளை வெளியே விடும்போதுதான்.

பல்பின் பலம் எண்ணிக்கை. ஐம்பது குஞ்சென்றாலும் ஒரே இடத்தில் வளர்க்கலாம். சூடு சரியா என்று குஞ்சுகளே காட்டிவிடும்: குளிர்ந்தால் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், சூடு கூடினால் ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். ஆனால் உமியிலோ மரத்தூளிலோ பல்பு விழுந்தால் தீப்பிடிக்கும். சங்கிலியால் இறுகக் கட்டாமல் விளக்கைப் போடவே கூடாது. அதனால் பல்பைவிட, குஞ்சுகள் அடியில் நுழைந்துகொள்ளும் ஹீட்டிங் பிளேட் நல்லது. மின்சாரமும் குறைவு, இரவில் இருட்டும் கிடைக்கும்.

சரி, வெளியே விடுவது எப்போது? பல்பில் வளர்ந்தவை இறகு முழுதாக முளைக்கும்வரை, சுமார் ஆறு வாரம், காத்திருக்க வேண்டும். அடைக்கோழியோடு இருப்பவை காய்ந்த, இதமான நாளென்றால் சில நாட்களிலேயே மண்ணைக் கிளறும். குளிர்ந்தால் இறக்கைக்குள் ஓடிவிடும், அவ்வளவுதான். பருந்தின் நிழல் தெரிந்தாலே தாய் குரல் கொடுத்துவிடும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ரத்தக் கழிச்சல். மண்ணில் இருக்கும், அதை உண்டாக்கும் கிருமி சிறுகச் சிறுக உள்ளே போனால் எதிர்ப்புசக்தி வரும். தாயோடு திரியும் குஞ்சுக்கு இது தானாக நடக்கிறது. பல்புக் குஞ்சோ ஆறாவது வாரத்தில்தான் முதன்முதலாக மண்ணைத் தொடுகிறது. அப்போது ஈரமும் நெரிசலும் சேர்ந்தால் ஆபத்து. அதனால் பல்புக் குஞ்சுகளுக்கு இரண்டாம் வாரத்திலிருந்தே வெளியிலிருந்து புல்லோடு ஒரு மண்கட்டியைப் பெயர்த்து உள்ளே வையுங்கள்.

அடைக்கோழியிலும் சிக்கல் உண்டு. இறக்கைக்குள் அடங்குவதற்கு மேல் குஞ்சுகளைத் தாங்காது. வேறிடத்துக் குஞ்சுகளைப் பொரித்த ஓரிரு நாளுக்குள், இரவில் வயிற்றடியில் நுழைத்தால்தான் பெரும்பாலும் ஏற்கும். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் அதிகம், குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய்க்கும் குஞ்சுத் தீவனமே போடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள்தான் என்றால் அடைக்கோழியிடமே விடுங்கள். அதற்கு மேல் பிளேட். அப்படி வளர்ந்தவற்றை முதலில் வெயில் நேரத்தில் ஓரிரு மணி நேரம் மட்டும் விட்டுப் பழக்கி, அப்புறம் புதுக் கூண்டில் சில நாள் அடைத்து வைத்துத் திறந்தால், பொழுது சாயும்போது அங்கேயே திரும்பி வரும்.